ஒரே வீட்டில் இரண்டு ஓய்வூதியம்: ஒரு கணக்கு டீச்சரின் மதிப்புரை

எங்கள் வீட்டில் நாங்கள் இருவருமே அரசுப் பள்ளி ஆசிரியர்கள். என் வீட்டுக்காரர் 1984-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக 2019 மே மாதம் ஓய்வு பெற்றார். நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. 2024 மே 31 அன்று ஓய்வு. அவருக்குப் பழைய ஓய்வூதியம், எனக்கு சிபிஎஸ் என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். மிக்ஸி, வாஷிங் மெஷின் வாங்கினவர்கள் எல்லாம் அனுபவத்தை எழுதி வைக்கிறார்கள், அடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கிறது. ஓய்வூதியத்தை அப்படி யாரும் எழுதி நான் படித்ததில்லை. இரண்டு திட்டத்தையும் ஒரே அடுப்படியில் வைத்துப் பார்க்கிறவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

முதலில் அவருடையது. மாதக் கடைசியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடும். ஓய்வு பெற்றபோது அடிப்படை ஓய்வூதியம் 39 ஆயிரத்துச் சொச்சம், அதாவது கடைசி ஊதியத்தில் சரி பாதி. அப்போது அகவிலைப்படி 12 விழுக்காடு. கொரோனா சமயத்தில் இரண்டு வருஷம் 17-லேயே நின்றது, 2022 ஜனவரியில் 31 ஆனது, 2025 ஜூலைக் கணக்குக்கு 58-க்கு வந்துவிட்டது. நாலாயிரத்து எழுநூறாக இருந்த அகவிலைப்படி இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. துவரம்பருப்பு ஏறினால் கொஞ்சம் தாமதமாகவாவது ஓய்வூதியமும் ஏறுகிறது. இந்தச் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை கம்யூட் செய்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக மாற்றி வாங்கினார். மகள் கல்யாணம் அதில்தான் நடந்தது. பதினைந்து வருஷம் அந்தப் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு முழு ஓய்வூதியம் திரும்பிவிடும். கம்யூட் செய்தாலும் அகவிலைப்படி முழுத்தொகைக்கும் கணக்கிடப்படும் என்பது பலருக்குத் தெரியாது. பணியில் இருந்தபோது ஜிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதி இருந்தது. அதில் கடன் எடுத்துத்தான் இந்த வீட்டுக்கு மாடி கட்டினோம். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். அதில் நானும் வருகிறேன், அவருடைய மனைவி என்ற முறையில்.

உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்ட வேண்டும். முன்பு கருவூலத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள், தொண்ணூறு வயதுக்காரர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து, விரலை வைக்கச் சொல்லி, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறார். நல்ல மாற்றம். எண்பது வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும் என்பதும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் முட்டி வலியும் சர்க்கரையும் எண்பது வரைக்குமா காத்திருக்கின்றன? எழுபதிலேயே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது என்னுடையது.

1988-ல் பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். பதினாறு வருஷம் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். 2004 டிசம்பரில் வேலை கிடைத்தபோது வயது நாற்பது. அந்தச் சமயத்தில் எடுத்தவர்களுக்குக் கால முறை ஊதியம் கிடையாது, மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகத் தரும் தொகுப்பூதியம்தான். இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுநிலைக்கு 4,500 ரூபாய். பத்தாம் வகுப்புக்கு அதே கணக்கைத்தான் நடத்தினேன், அதே விடைத்தாளைத்தான் திருத்தினேன். 2006 ஜூன் 1 முதல் முறையான ஊதியம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பதினெட்டு மாதம் எந்தக் கணக்கிலும் இல்லை.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணிக்கு வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் சிபிஎஸ். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காட்டை நம்மிடம் பிடிப்பார்கள், அதே அளவு அரசும் போடும், ஜிபிஎஃப் வட்டி வீதமே இதற்கும். மத்திய அரசின் என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம் வேறு. அது பங்குச் சந்தையோடு சேர்ந்தது. நம்முடையதில் அந்தப் பயம் இல்லை. ஆனால் என்பிஎஸ்ஸில் பாதி வழியில் கொஞ்சம் பணம் எடுக்கலாம், நம்முடையதில் அதுவும் முடியாது. என் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது கணக்கில் எட்டு லட்சம் இருந்தது, நான் நகையை அடகு வைத்தேன்.

என் சிபிஎஸ் கணக்கு எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, கல்வித் துறையைக் குறிக்க இடிஎன் என்று இருக்கும். ஒவ்வொரு வருஷமும் கணக்குச் சீட்டை இறக்கிப் பார்ப்பேன். கணக்கு டீச்சர் இல்லையா, கூட்டிப் பார்க்காமல் விட மாட்டேன். ஒரு வருஷம் ஐந்து மாதப் பிடித்தம் ஏறவில்லை. மாறுதலில் போன சமயம் அது. பழைய அலுவலகம் புதிய அலுவலகத்தைக் காட்டியது, புதியது பழையதைக் காட்டியது. சம்பளப் பட்டியல் நகல், கருவூல வவுச்சர் எண், தேதி எல்லாம் தேடி எடுத்துக் கொடுத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு ஏறியது. என்னோடு ஓய்வு பெற்ற ஓர் அறிவியல் டீச்சருக்கு இப்படி விடுபட்டிருந்தது கடைசி நாள் வரை தெரியாது.

ஓய்வு பெற்று ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது. சுமார் 32 லட்சம். அந்த ஏழு மாதமும் எனக்கென்று ஒரு ரூபாய் வருமானம் இல்லை. அவருடைய ஓய்வூதியத்தில்தான் ஓடியது. கணவனும் மனைவியும் இரண்டு பேரும் சிபிஎஸ் என்றால் அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? அதை நினைத்துக்கொண்டே நிறைய நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

‘முப்பது லட்சத்துக்கு மேல் கையில் வந்திருக்கிறதே டீச்சர், அப்புறம் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், கணக்கோடு பதில் சொல்கிறேன். அதில் பாதி என் சம்பளத்தில் பிடித்ததும் அதன் வட்டியும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சம் 30 லட்சம்தான் போட முடியும், போட்டேன். 8.2 விழுக்காடு வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். மாதத்துக்கு 20,500. ஐந்து வருஷத்துக்கு இதில் ஒரு ரூபாய் கூடாது. அதன் பிறகு என்ன வட்டியோ யாருக்குத் தெரியும்.

எனக்குப் பழைய ஓய்வூதியம் இருந்திருந்தால்? கடைசி அடிப்படை ஊதியம் 64,000. பாதி 32,000. ஆனால் தமிழ்நாட்டில் முழு ஓய்வூதியத்துக்கு 30 வருஷம் வேண்டும், எனக்கு 18 தான். அப்போது 19,200. அதன் மேல் நான் ஓய்வு பெற்றபோது இருந்த 50 விழுக்காடு அகவிலைப்படி, மொத்தம் 28,800. அதே ஓய்வூதியம் 58 விழுக்காட்டில் 30,336 ஆகியிருக்கும். ஓய்வின்போது மொத்தமாகத் தருகிற பணிக்கொடையாக இன்னும் 8,64,000 வந்திருக்கும். சிபிஎஸ்ஸில் அது கிடையாது. அசல் 30 லட்சம் பிள்ளைகளுக்கு மிஞ்சுமே என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அசலை உடைக்காமல் எண்பத்தைந்து வயது வரை இருபதாயிரத்தில் வாழ முடியுமா என்று போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

ஆசிரியருக்கு நியாயமான ஓய்வூதியம் என்றால் எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது இது. மாதம் பிறந்தால் வரவேண்டும், விலை ஏறினால் ஏறவேண்டும், ஒருவர் போய்விட்டால் இன்னொருவருக்குத் தொடரவேண்டும். மொத்தமாக எவ்வளவு கொடுத்தாலும் இந்த மூன்றுக்கும் ஈடாகாது. மொத்தப் பணம் வந்ததும் மருமகன் தொழிலுக்குக் கேட்பார், மகன் வீட்டுக் கடனுக்குக் கேட்பான். கொடுக்காமல் இருக்க மனசு வராது. மாதா மாதம் வருகிற பணத்தை அப்படி யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு தமிழாசிரியர், சிபிஎஸ்காரர், 2017-ல் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தாறு வயது. அவர் கணக்கில் இருந்ததைக் கொடுத்தார்கள், குடும்ப ஓய்வூதியம் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். அவர் மனைவி, அந்தத் தங்கச்சி, இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள், நான் ரவிக்கை அவளிடம்தான் தைக்கிறேன். அதே வருஷம் காலமான பழைய திட்டத்து ஆசிரியர் ஒருவரின் மனைவிக்கு மாதம் தவறாமல் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்தியவர்கள்.

இன்னொன்று, பணிக்காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. ஆசிரியர் வேலை பலருக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதில்தான் கிடைக்கிறது. 30 வருஷம் இருந்தால்தான் முழு ஓய்வூதியம் என்ற கணக்கு இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போனவருக்குப் பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த யுபிஎஸ் என்கிற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 25 வருஷம் போதும், பத்து வருஷம் இருந்தாலே குறைந்தது 10,000 ரூபாய். தொகுப்பூதியத்தில் பாடம் நடத்திய மாதங்களையும் சேர்க்கவேண்டும். 2012-ல் ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்களை, ஓவியமும் தையலும் உடற்கல்வியும் சொல்லித் தருகிறவர்களை, இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் பிறகு 12,500-க்கு வந்தார்கள், ஓய்வூதியம் என்ற சொல்லே அவர்கள் பக்கம் போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா முதியோர் உதவித்தொகை 1,200 வாங்குகிறார். ‘உனக்கென்னம்மா, கவர்மென்ட் வேலை’ என்பார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் வேண்டும் என்று சொல்ல நாக்கு வராது. அதனால்தான் நான் இலவசமாகக் கேட்கவில்லை. 10 விழுக்காடு பிடிப்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. கடைசி மாதம் 9,600 ரூபாய் பிடித்தார்கள், சந்தோஷமாகக் கொடுத்தேன். கொடுத்ததற்கு ஓர் உறுதி வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தது. 10 விழுக்காடு பங்களிப்பு தொடரும், கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு உறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி, இறந்தால் குடும்பத்துக்கு 60 விழுக்காடு, 25 லட்சம் வரை பணிக்கொடை. செய்தியை என் வீட்டுக்காரர்தான் சத்தமாக வாசித்தார், நான் தாளில் குறித்துக்கொண்டேன். என் மூன்று தேவையும் அதில் இருக்கின்றன. பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நல்ல காலம் வரட்டும், மனசாரச் சொல்கிறேன். எங்களைப் போல ஓய்வூதியம் இல்லாமல் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்கும் ஒரு வரி இருந்தது: சிறப்புக் கருணை ஓய்வூதியம். எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பெயரை மாற்றச் சொல்வேன். பதினெட்டு வருஷம் மாதம் தவறாமல் பணம் கட்டினவளுக்குக் கொடுப்பதைக் கருணை என்று எழுதக் கூடாது.

இப்போது பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். திட்டம் எதுவானாலும் பழைய கணக்கு தேவைப்படும். இந்த விடுமுறையிலேயே கணக்குச் சீட்டுகளை வருஷ வாரியாக எடுத்து, சம்பளப் பட்டியலோடு மாதம் மாதமாகச் சரிபாருங்கள், மாறுதலில் போன வருஷங்களை முதலில் பாருங்கள். வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். எனக்குப் பழக்கமான ஒரு டீச்சருடைய தாளில், கல்யாணத்துக்கு முன்னால் எழுதின அப்பா பெயரே இன்னும் இருக்கிறது. அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.