16 அங்குலக் குழலா, 14.5-இல் வெல்டா, பதிவு செய்த குட்டைக் குழலா?

அமெரிக்காவில் ஏஆர்-15 என்ற ரைஃபிளை வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒருநாள், குழல் எவ்வளவு நீளம் என்ற இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இன்றைய வடிவில் சொல்வது இதுதான்: ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் அது குட்டைக் குழல் ரைஃபிள் என்ற தனி வகைக்குப் போய்விடும், ஏடிஎஃப்-இல் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) முன்கூட்டியே பதிய வேண்டும், பதியாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. கால் அங்குலம்தானே குறைகிறது என்ற சமாதானம் எடுபடாது.

குழப்பமே முனையில் மாட்டுகிற கருவியால்தான் வருகிறது. ஃப்ளாஷ் ஹைடரோ (சுடும்போது வரும் தீச்சுடரைக் குறைப்பது) மசில் பிரேக்கோ (பின்னுதைப்பைக் குறைப்பது) திருகிக் கழற்றக்கூடியதாக இருந்தால் அதன் நீளம் கணக்கில் சேராது. நிரந்தரமாகப் பிணைத்திருந்தால் சேரும். நிரந்தரம் என்று ஏடிஎஃப் ஒப்புக்கொள்வது மூன்று வழிகளை: முழுக்க வெல்டிங், 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்று, அல்லது துளையிட்டுப் பின் இறக்கி அதன் தலையை வெல்டால் மூடுவது. இறுக்கிப் பிடிக்கும் பசை எதுவும் இதில் கிடையாது, எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் சரி.

அமெரிக்க ராணுவத்தின் எம்4 துப்பாக்கியின் குழல் 14.5 அங்குலம். அதே நீளம் வேண்டும், பதிவுத் தொல்லை வேண்டாம் என்பவர்கள்தான் வெல்டுக்குப் போகிறார்கள். இங்கே பலரும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. சாதாரண ஏ2 ஃப்ளாஷ் ஹைடரைக் கையில் வைத்துப் பார்த்தால் மொத்தம் சுமார் 1.75 அங்குலம் இருக்கும், 14.5-உடன் கூட்டினால் 16 தாண்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் அதில் அரை அங்குலத்துக்கும் மேல் குழலின் மரை மேல் ஏறிவிடுகிறது, வெளியே நீட்டுவது சுமார் ஓர் அங்குலம்தான். வெல்டும் வைத்துவிட்டு, சட்டப்படி இன்னும் குட்டையாகவே நிற்கும் துப்பாக்கி! அதற்கென்றே நீட்டிச் செய்த ஹைடர்கள் கிடைக்கின்றன, அவற்றைத்தான் வாங்க வேண்டும்.

வெல்டில் எனக்குப் பிடிக்காதது வேறு. முனைக் கருவி கழலாது என்றால் கேஸ் பிளாக்கும் (குழலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும் பாகம்) கழலாது, குழலைப் பிடித்திருக்கும் பேரல் நட்டும் வெளியே வராது, அதனால் பின்னால் ஹேண்ட்கார்டை (குழலைச் சுற்றியிருக்கும் கைப்பிடி உறை) மாற்ற நினைத்தாலும் பெரும்பாலும் வெல்டை அறுத்தெடுக்க வேண்டும். நாளைக்கு சைலென்சர் வாங்கினால், இன்று பூட்டிய கருவியில் அது மாட்டுமா என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் மிச்சம் பிடிப்பதற்கு இவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதிலும் வெல்டு வைத்த பிறகு மொத்த நீளம் கழற்றக்கூடிய ஹைடர் மாட்டிய 16-ஐ விட ஓர் அங்குலம் போலத்தான் குறைகிறது என்னும்போது.

அப்புறம் பதிவு வழி. 1934-இல் வைத்த 200 டாலர் வரி தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே இருந்தது. 2025-இல் நிறைவேறிய சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் சைலென்சருக்கும் அது பூஜ்யம். வெல்டுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வலுவான காரணங்களில் ஒன்று அதோடு போய்விட்டது. ஆனால் வரிதான் போனது, விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல் வரும்வரை காத்திருப்பு எல்லாம் அப்படியே இருக்கிறது. மாநில எல்லை தாண்டி எடுத்துப் போக ஏடிஎஃப்-இடம் முன் அனுமதி வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் பொதுமக்களுக்கு இந்த வழியே பொதுவாக அடைபட்டிருக்கிறது.

என் தீர்ப்பு நேரடியானது. முதல் துப்பாக்கி என்றால் 16 அங்குலம், கழற்றக்கூடிய கருவி, வேறு யோசனையே வேண்டாம். அனுமதிக்கும் மாநிலத்தில் இருக்கிறீர்கள், துப்பாக்கி வீட்டுக்கும் சுடும் பயிற்சி ரேஞ்சுக்கும்தான் போய்வரும் என்றால் பதிந்துவிட்டு 11.5-ஓ 10.3-ஓ வைத்துக்கொள்ளுங்கள், குட்டையின் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கிறது. அடிக்கடி மாநிலம் தாண்டி வேட்டைக்கோ போட்டிக்கோ போகிறவருக்கும், பதிவேட்டில் பெயர் ஏறுவதை விரும்பாதவருக்கும் மட்டும்தான் வெல்டு இன்னும் பொருந்துகிறது.

வெல்டுதான் என்று முடிவெடுத்தால், முதலில் கருவியைச் சும்மா திருகி மாட்டி, குழலை ரைஃபிளில் பூட்டாமல் தனியாக வைத்து, உள்ளே குண்டு இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, போல்ட்டை (குண்டறையைப் பின்னால் அடைக்கும் பாகம்) குழலின் பின்முனையில் பொருத்தி மூடி, முனை வழியாக ஒரு குச்சியைப் போல்ட் முகத்தில் முட்டும்வரை இறக்கி, கருவியின் விளிம்பில் கோடு போட்டு அளந்து பாருங்கள். இந்த அளவெடுப்பு முறைதான் ஏடிஎஃப்-உடையதும். 16-க்கு மேல் கொஞ்சம் மிச்சம் நிற்கட்டும். ஆனால் 14.5 குழலை வெல்டு வைக்குமுன் ரைஃபிளில் பூட்டவே கூடாது, பூட்டிய அந்த நிமிடமே அது பதியாத குட்டைக் குழல் ரைஃபிள் ஆகிவிடும். கேஸ் பிளாக்கும் ஹேண்ட்கார்டும் தேர்ந்து முடிந்த பிறகே வெல்டரிடம் போங்கள்.