ஃபார்மட் அடிப்பதற்கு முன் லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டிலிருந்தபடி புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். 2012-இல் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப், கூடவே முழு விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் 7 புரொஃபஷனல் டிவிடி. அந்தப் பெட்டிக்குள் இருந்த 25 எழுத்துக் கீயில் தொடங்கிய லைசென்ஸில்தான் இந்தக் கணினி இன்றும் ஓடுகிறது. இடையில் டிஸ்க் மாறியது, மதர்போர்டு மாறியது, இரண்டு முறை ஓஎஸ் (இயங்குதளம், அதாவது விண்டோஸ்) புதிதாகப் போட்டாகிவிட்டது.

விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைத்த காலத்தில், 2016 ஜூலை 29 கெடுவுக்குள் அதற்கு மாறிவிட்டேன். அடுத்த வருடம் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் வாங்கி, வெறும் டிஸ்க்கில் நிறுவ உட்கார்ந்தால் கீ கேட்கிறது. கையில் இருப்பதோ 7-இன் கீ. 10-க்கென்று எதுவும் தரவில்லையே. ‘என்னிடம் கீ இல்லை’ என்று கொடுத்து, பழையபடி புரோ பதிப்பையே தேர்ந்தெடுத்தேன். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது, அதாவது லைசென்ஸ் உறுதியானது. இலவசமாக மாறியபோதே கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருந்தது. டிஸ்க் மட்டும் மாறினால் அந்த அடையாளம் கெடுவதில்லை.

அந்த நிம்மதியில் வேறொன்றைக் கோட்டைவிட்டேன். பக்க வடிவமைப்பு மென்பொருளின் லைசென்ஸ் இரண்டு கணினிகளுக்கு மட்டும். ஃபார்மட் அடிப்பதற்கு முன் அதில் டீஆக்டிவேட் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் என் பழைய டெஸ்க்டாப்பே ஒரு கணக்கு, புது ஓஎஸ் இன்னொரு கணக்கு, லேப்டாப்புக்கு இடமில்லை. ரசீதை ஸ்கேன் செய்து அனுப்பி, கணக்கைச் சரிசெய்ய ஆறு நாள் ஆனது. அச்சகத்துக்குப் போகவேண்டிய புத்தகம் ஒன்று அந்த ஆறு நாளும் காத்திருந்தது. தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

2020-இல் மதர்போர்டு போனது. புதுப் போர்டில் ஓஎஸ் போட்டதும் திரையின் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற மங்கலான எழுத்து. வன்பொருள் அடையாளத்தில் பெரும்பங்கு போர்டுக்குத்தான். நல்லவேளையாக, லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்து வைத்திருந்தேன். ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபுள்ஷூட் போய், ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்று கொடுத்தால் கணக்கில் உள்ள கணினிகளின் பட்டியல் வருகிறது. எல்லாம் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி, பின்னால் ஏதோ எழுத்தும் எண்ணும். எது என்னுடையது? கொஞ்சம் திணறித்தான் கண்டுபிடித்தேன். உங்கள் கணினிக்கு இன்றே ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நான் வாங்கியது கணினி மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லறை லைசென்ஸ். கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் போர்டோடு முடிந்துவிடும்.

என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது தங்கை மகளின் லேப்டாப். கல்லூரிக்காக 2018-இல் வாங்கியது, விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜுடன். மெதுவாகிவிட்டது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து ஓஎஸ் போட்டு வாங்கியிருக்கிறாள். “மாமா, ஆன்டிவைரஸ் ஆன் ஆகவே மாட்டேங்குது” என்று கொண்டுவந்தாள். பார்த்தால் புரோ பதிப்பு. ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்று இருந்தது. கல்லூரி மாணவிக்கு ஏது நிறுவனம்? பெரிய அலுவலகங்களுக்கான கேஎம்எஸ் முறையைப் போலியாகச் செய்யும் கருவி அது. ஆக்டிவேஷனை 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பிடிபடாமல் இருக்கத்தான் ஆன்டிவைரஸை முடக்கியிருக்கிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் அப்பா காசு கொடுத்து வாங்கிய அசல் கீ அந்த மதர்போர்டிலேயே பத்திரமாக இருந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரும்பாலான லேப்டாப்களில் கீயை ஃபர்ம்வேரிலேயே (மதர்போர்டில் பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதி அனுப்புகிறார்கள். அடியில் ஸ்டிக்கர் இல்லையே என்று தேட வேண்டாம்.

8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக ஓஎஸ்ஸை இறக்கி, அவள் கோப்புகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்து நிறுவினேன். கீ கேட்கவில்லை, பதிப்பும் கேட்கவில்லை. தானே ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று எடுத்துக்கொண்டது. வைஃபை இணைத்ததும் ‘டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆனது’ என்று வந்தது. ஆன்டிவைரஸும் ஆன் ஆனது. அடுத்த வாரம் அவளுடைய தோழிகள் இரண்டு பேர் லேப்டாப்போடு வந்தார்கள். இரண்டிலும் அதே புரோ, அதே நிறுவனம்.