உப்புக் காற்றில் ஒரு பழைய வென்ட்டோ: எட்டு வருட அனுபவம்

வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில், வேலை கடலூரில். அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை வழியாகப் போய்வர தினமும் 50 கி.மீ.க்கு மேல் ஆகும். 2012 மாடல் ஃபோக்ஸ்வேகன் வென்ட்டோ 1.6 டீசலை 2017-இல் இரண்டாவது ஓனராக வாங்கினேன். அப்போது 61 ஆயிரம் கி.மீ. ஓடியிருந்தது. இப்போது 1 லட்சத்து 74 ஆயிரம்.

ஓட்டுவதற்கு இன்றும் ஆசையாக இருக்கிறது. 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே வந்துவிடும். லாரியைத் தாண்ட கியர் குறைக்கும் வேலை அதிகமில்லை. கதவைச் சாத்தும் சத்தம்கூட மாறவில்லை.

செலவில் பெரியது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பாமல் இயங்க வைக்கும் ரப்பர் பெல்ட். வாங்கும்போது யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. 2020-இல் 1 லட்சம் கி.மீ. தாண்டியதும் மெக்கானிக் அண்ணன் கவரைக் கழற்றி பெல்ட்டை மடக்கிக் காட்டினார். முதுகில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். வாட்டர் பம்ப் ஓரத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து இளஞ்சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதனால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். தனித்தனியாக மாற்றினால் லேபர் இரட்டிப்பு. ஸ்கோடா ரேபிடும் இதே குடும்பம் என்பதால் பல பாகங்கள் பொருந்தும். தேடும்போது அந்தப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

முன்பக்கம் 'கடக் கடக்' என்று சத்தம் வந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. வேறு இடத்தில் அதிலுள்ள ரப்பர் புஷ் மட்டும் மாற்றினேன், சத்தம் போய்விட்டது. இன்னொருவரிடம் காட்டாமல் பெரிய பில்லுக்குத் தலையாட்டாதீர்கள்.

நம் ஊரில் வண்டியைத் தின்பது கடல் காற்று. அடிப்பாகத்தில் நட்டு, பிரேக் பைப் கிளிப், சைலன்சர் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் இருமுறை அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். மழைக்காலத்துக்கு முன்பு துரு எதிர்ப்புப் பூச்சு அடிக்கிறேன். வருடம் ஒருமுறை போதும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது வண்டி ரெயின்போ நகரில் மாமா வீட்டு வாசலில் நின்றது. விடிந்து பார்த்தால் பாதிச் சக்கரம் தண்ணீரில். "மாப்ள, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாரேன்" என்றார் மாமா. நான் சாவியைத் தொடவில்லை. காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வடிந்தபின் இழுத்துப் போனோம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே காய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கார்பெட்டை மட்டும் உருவி நான்கு நாள் மொட்டை மாடியில் காயப்போட்டோம்.

அடுத்த பெல்ட்டுக்கு இன்னும் கி.மீ. பாக்கி இருக்கிறது. ஆனால் ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு, ஐந்து வருடம் ஆகிவிட்டது. பொங்கல் முடிந்ததும் பெல்ட் மாற்ற வண்டியை விடுவதாக மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.