வன்னி வகுப்பறையில் எது முதலில்: பொருளா, வாய்மொழியா?

தரம் 7, 8 பிள்ளைகளுக்குப் போர்க்கால வாழ்க்கையைப் படிப்பிக்க, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் கைக்கெட்டும் மூலாதாரங்கள் இரண்டு: வீட்டில் மிஞ்சிய பொருட்கள், பெரியவர்களின் வாய்மொழி.

நான் பொருளைத்தான் முதலில் வைப்பேன். ஒரு ஜாம் போத்தல் விளக்கை மேசையில் வையுங்கள். அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், போத்தலுக்குள்ளேயே எரியும் மெல்லிய திரி. "ஏன் சேர் இவ்வளவு கொஞ்ச எண்ணெய்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், 1990களில் அரசு விதித்த பொருளாதாரத் தடைக்குள் பாடம் தானாகப் போய்விடும். ரேடியோ கேட்கச் சுழற்றிய சைக்கிள் டைனமோ கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால்வரை ஓடிய குடும்பங்கள் பலவற்றிடம் பொருள் எதுவும் மிஞ்சவில்லை. அங்கே வாய்மொழிதான் ஆதாரம். பதுங்குகுழிக்குள் இருந்த பயத்தை எந்தப் பொருளும் சொல்லாது. ஆனால் ஞாபகத்தில் ஆண்டுகள் குழம்பும். அது நடந்தது, வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்ததற்கு முன்னா, 2006 ஓகஸ்ட்டில் மூடியதற்குப் பின்னா என்று கேட்டால் தெளியும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பார்கள். அதனால் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் இழப்பைப் பற்றிக் கேட்க அனுப்பாதீர்கள். "அம்மம்மா, அப்ப பள்ளிக்கூடம் எங்க நடந்தது?" என்ற கேள்வியோடு அனுப்புங்கள். மிச்சத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை அம்மம்மாவே தீர்மானிக்கட்டும்.