"எர்த் கொடுத்தாச்சு" என்றால் பிளக் பாயிண்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்து, எலெக்ட்ரீசியன் வந்து போனதும் அது நின்றுவிட்டதா? அப்படியானால் இதைப் படியுங்கள். எனக்கு நின்ற பிறகுதான் ஆபத்தே ஆரம்பித்தது.

முதலில் ஏமாந்தது கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) லீக்கேஜ் என்று சொல்லிப் புதிது போட்டார். புதியதும் கடித்தது. கடிக்கத்தான் செய்யும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே ஃபேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) ஒன்று, நியூட்ரலிலிருந்து (திரும்பிப் போகும் ஒயர்) ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினெட்டுக்கு வரும். மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. பாயிண்டில் எர்த் இல்லாவிட்டால் தள்ள இடமில்லை. 230 வோல்ட் லைனில் கேபினெட்டில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் காட்டும். ஆனால் ஓடும் கரண்ட் பெரும்பாலும் ஒரு மில்லிஆம்பியர்கூட இருக்காது. பாவம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்து வந்தவர் எலெக்ட்ரீசியன். "எர்த்தே இல்ல சார், புதுசா லைன் இழுக்கணும்" என்றார். சரியாகத்தான் கண்டுபிடித்தார். நான் வெளியே போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. மூன்று விளக்கு எரியும் பிளக் டெஸ்டரைச் செருகி, எல்லாம் சரி என்று காட்டினார். மூன்று பாயிண்டுக்குக் கூலியும், ஒயர் காசும் வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி அந்த அறையில் மட்டும் விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரும் நின்றது. கரண்ட்தான் இல்லையே என்று கேபினெட் பின்னால் கையை விட்டேன். தூக்கி எறிந்தது. புறங்கை பட்டதால் கை தானாக விலகியது, பிடித்திருந்தால் விட்டிருக்காது.

மறுநாள் வேறொருவர் வந்து பாயிண்டைக் கழற்றினார். உள்ளே நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் சேர்த்து விரல் நீள ஒயர் துண்டு. எர்த் லைன் என்று எதுவுமே வரவில்லை. கேபினெட் கரண்ட் நியூட்ரல் வழியாகப் போனதால்தான் அதுவரை கடிக்கவில்லை. முந்தைய இரவு எங்கோ நியூட்ரல் கழன்றிருக்கிறது. ஆனில் இருந்த விளக்கு வழியாக வந்த ஃபேஸ், திரும்பப் போக வழியின்றி, அந்தத் துண்டு வழியாகக் கேபினெட்டுக்கு ஏறிவிட்டது. இந்த முறை அது ஒரு மில்லிஆம்பியரோடு நிற்காது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) இருந்திருந்தால் உடனே விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் இல்லை, அது என் தப்பு.

அந்த மூன்று விளக்கு டெஸ்டரால் இந்த மோசடியைக் கண்டுபிடிக்க முடியாது. நியூட்ரலும் எர்த்தும் ஒரே இடத்தில் முடிந்தாலும் அதற்கு எல்லாம் சரிதான். மறுநாள் வந்தவர் வேறு மாதிரி பார்த்தார். அதே லைனில் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தார். நிஜ எர்த் என்றால் லோடு ஏறும்போது கொஞ்சம் வோல்ட்டாவது காட்டும். லோடு ஓடியும் அசையாத பூஜ்யம் காட்டினால் சந்தேகப்பட வேண்டும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தாங்களே செய்யாதீர்கள். செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். மெயினை அணைத்துப் பாயிண்டைத் திறந்து, பச்சை ஒயர் டிபி (வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டி) வரை, அங்கிருந்து எர்த் குழி வரை போகிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள்.

பழைய ஆளுக்கு போன் செய்தேன். "ஷாக் நின்னுச்சுல்ல சார்?" என்றார்.

மற்ற இரண்டு பாயிண்டையும் திறந்தோம். ஃப்ரிட்ஜுக்கு ஒரு துண்டு, வாஷிங் மெஷினுக்கு ஒரு துண்டு.