மால்ல "ஃப்ரீ ஃபேமிலி ஷூட்" கூப்பன் குடுத்தா வாங்காதீங்க – எங்களுக்கு 6,850 ரேண்ட் போச்சு

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல இருக்கற நம்ம மக்கள், குறிப்பா ஊர்லேர்ந்து அப்பா அம்மாவை வரவழைச்சிருக்கறவங்க, தயவுசெஞ்சு படிங்க. இன்னிக்குக் காலையிலதான் பார்சல் வந்துச்சு. ஆத்திரத்துல எழுதறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

ஒரு போட்டோ ஸ்டுடியோகிட்ட 6,850 ரேண்ட் குடுத்துட்டு நிக்கறோம். பேரைப் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு போன்லயே மிரட்டியாச்சு. மால்ல பலூன் கட்டி ஸ்டால் போட்டு, "வாழ்த்துகள், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க"ன்னு கூப்பனைக் கையில திணிக்கற வகையறா.

மாமாவும் அத்தையும் மன்னார்குடிலேர்ந்து பேரனைப் பார்க்க வந்திருந்தாங்க. ஷூட்டைக் குறை சொல்ல மாட்டேன். பொட்டானிக் கார்டன்ல மரத்தடியில உக்கார வெச்சு, அந்தப் போட்டோகிராஃபர் பையன் பொறுமையாத்தான் எடுத்தான். கூத்தெல்லாம் அதுக்கப்புறம்.

சில நாள் கழிச்சு "வியூவிங்"னு ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாங்க. போட்டோவை ஈமெயில்ல அனுப்ப மாட்டாங்களாம், நேர்லதான் காட்டுவாங்களாம். சின்ன ரூம், மங்கலான லைட், சோஃபா, சுவர் நிறைய டிவி, பின்னணியில பியானோ. அங்க இருந்த அம்மா கைகூப்பி "வணக்கம் ஆயா"ன்னு சொல்லி, குனிஞ்சு அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. தமிழ் அவ்வளவுதான் வரும், மத்ததெல்லாம் இங்கிலீஷ். கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வந்தவராம், ஆற்காடு பக்கம்னு வீட்டுல சொல்வாங்களாம், ஊர் பேர் யாருக்கும் தெரியாதாம். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அத்தைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு விடவேயில்ல. "நம்ம பொண்ணுடி இது"ன்னு என்கிட்ட சொல்றாங்க. அந்தக் கப்பல் கதை நிஜமாவே இருக்கலாம். 1860லேர்ந்து வந்த ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு அதானே கதை. அதை வெச்சு வியாபாரம் பண்ணினதுதான் என் வயித்தெரிச்சல்.

அப்புறம் ரேட் கார்டு வந்துச்சு. கூப்பன்ல ஃப்ரீ எடுக்கறது மட்டும்தான். எடுத்த படம் வேணும்னா ஒண்ணு 450 ரேண்ட். பேக்கேஜா எடுத்தா 25 படம் பென் டிரைவ்ல, ஒரு ஆல்பம், சுவர்ல மாட்ட பெரிய கேன்வாஸ், எல்லாம் சேர்த்து 6,850. இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை, வாங்காத படம் சாயங்காலம் சிஸ்டம்லேர்ந்து அழிஞ்சிடும்னாங்க. மாமா மெதுவா "நம்ம காசுக்கு எவ்வளவும்மா"ன்னார். முப்பதாயிரத்துக்கு மேலன்னேன். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துட்டு, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சுவர்ல மாட்டற மாதிரி ஒரு படம்கூட இல்லையே"ன்னார். அதுக்கு மேல யாரால வேண்டாம்னு சொல்ல முடியும்? வீட்டுக்காரர் கார்டைத் தட்டிட்டார். "தாத்தாவும் ஆயாவும் ஊருக்குப் போகும்போது கையோட எடுத்துட்டுப் போகலாம்"னு அந்தம்மா வாக்குக் குடுத்தாங்க.

அவங்க ஊருக்குப் போயும் சேர்ந்தாச்சு, படம் வரல.

போன் பண்ணினா எடிட்டருக்கு உடம்பு சரியில்ல. அப்புறம் லேப்ல கேன்வாஸ் துணி ஸ்டாக் இல்ல. அப்புறம் லோட் ஷெட்டிங்காம்! அந்த வாரம் எங்க வீட்டுல ஒரு நிமிஷம்கூட கரன்ட் போகல. வாட்ஸ்அப்ல நீல டிக் விழும், பதில் விழாது. நேர்ல போனா ரிசப்ஷன்ல புதுப்பொண்ணு, "உங்க ஆர்டரைப் பார்த்த மேடம் இப்ப இங்க இல்ல"ன்னுது. காசு வாங்கற வரைக்கும் ஆயா தாத்தா, வாங்கினப்புறம் இன்வாய்ஸ் நம்பர் என்ன மேடம்!

இன்னிக்கு ஒருவழியா வந்துச்சு. கேன்வாஸைப் பிரிச்சா, சட்டத்துல மடிக்கறதுக்கு ஓரம் விடாம இழுத்து அடிச்சிருக்காங்க. மாமாவோட பாதித் தோள் பக்கவாட்டுல மடிஞ்சு போய் நிக்குது. அது போகட்டும். அத்தை முகத்துல மூக்குத்தியைக் காணோம். முகத்தை வழவழன்னு ஆக்கற ஏதோ ஃபில்டரைப் போட்டு, மருவை எடுக்கற மாதிரி எடுத்திருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து போட்டிருக்கற வைர மூக்குத்தி! மாமா நெத்தியில திருநீறும் துடைச்சாச்சு. ரெண்டு பேரும் ரெண்டு ஷேடு வெளுப்பா, யாரோ மாதிரி இருக்காங்க. இதை ஊருக்கு எப்படி அனுப்பறது?

பென் டிரைவ்ல 25 படம் இருக்கு, ஒவ்வொண்ணும் 640க்கு 960 பிக்சல். சாதாரண 4க்கு 6 இஞ்ச் பிரின்ட் தெளிவா வரணும்னாலே 1200க்கு 1800 வேணும். கேட்டா, "அது சோஷியல் மீடியா சைஸ், ஒரிஜினலுக்கு இன்னொரு 1,200 ரேண்ட்"ங்கறாங்க. ஆல்பம் இன்னும் வரவேயில்ல.

சண்டை போட்டப்ப "காப்பிரைட் எங்களுது"ன்னு ஒரு அதட்டல் வேற. இந்த நாட்டு 1978 காப்புரிமைச் சட்டத்துல, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்குக் காப்புரிமை எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய. நாங்க கையெழுத்துப் போட்ட ரசீதுல அப்படி ஒரு வரியும் இல்ல. கேஷ் கவுன்டர்ல "நோ ரீஃபண்ட்"னு போர்டு மாட்டினா மட்டும் போதாது. பழுதான பொருளை ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்துக் காசைக் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இடமிருக்கு. இதையெல்லாம் சொன்னதும் "மேனேஜர் கூப்பிடுவார்"னு போனை வெச்சுட்டாங்க. யாரும் கூப்பிடல.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், பையன் தூங்காம அழறான். சுருக்கமா:

வியூவிங்குக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஃபைல் எத்தனை பிக்சல், எந்தத் தேதிக்குள்ள கையில வரும்னு ரசீதுலயே எழுதி வாங்குங்க. எடிட் பண்ணினதைப் பார்த்து ஓகே சொல்லாம பிரின்டுக்கு விடாதீங்க, மூக்குத்தி, பொட்டு, திருநீறு எல்லாம் இருக்கான்னு பாருங்க. இப்படி ஆள் பிடிச்சு வித்திருந்தா, பொருள் கைக்கு வந்ததிலேர்ந்து அஞ்சு வேலைநாளுக்குள்ள காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம், எழுத்துல குடுங்க.

நான் இன்னிக்கே ஈமெயில் போட்டாச்சு. 6,850 ரேண்டைத் திருப்பிக் குடுக்க 14 நாள் டைம். குடுக்கலேன்னா ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட். 20,000 ரேண்ட் வரைக்கும் அங்க போகலாம், வக்கீல் கிடையாது, நாமளே பேசிக்கலாம். இதே கூப்பன் கும்பல்கிட்ட மாட்டினவங்க வேற யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல ரசீதை அனுப்புங்க, சேர்ந்தே போவோம்.