அம்பின் வாலுக்கு எது பொருத்தம்: பறவை இறகா, பிளாஸ்டிக்கா, சுருள் இறகா?

வில்வித்தை பழகத் தொடங்குகிறவர்களை அதிகம் குழப்பும் சொல் 'ஃப்ளெட்சிங்'. பறவை இறகுக்குத்தான் அந்தப் பெயர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அம்பின் பின்பகுதியில் ஒட்டுவது வான்கோழி இறகாக இருந்தாலும் பிளாஸ்டிக் தகடாக இருந்தாலும் அது ஃப்ளெட்சிங்தான். ஒட்டுகிற வேலைக்கும் அதே பெயர். பிரெஞ்சில் அம்பை 'ஃப்ளெஷ்' என்பார்கள். அந்த வேரிலிருந்து வந்த 'ஃப்ளெட்சர்' என்றால் ஆங்கிலத்தில் அம்பு செய்கிறவர். 1371இல் லண்டனில் வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் இரண்டு தனித் தொழில்களாகப் பிரிந்தபோதே இந்தப் பெயர் ஊன்றிவிட்டது. ஆக, இந்தச் சொல்லின் வேர் பறவையில் இல்லை, அம்பில் இருக்கிறது.

தமிழில் 'இறகு' என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. 'சிறகு' பொருந்தாது, அது பறவை விரித்துப் பறக்கிற உறுப்பு, அம்பில் இருப்பது அதிலிருந்து உதிர்ந்த ஒன்று. பிளாஸ்டிக் வகையைக் களத்தில் 'வேன்' என்கிறார்கள். எழுத்தில் அது வண்டியாகத் தெரிவதால் இங்கே பிளாஸ்டிக் இறகு என்றே எழுதுகிறேன்.

சரி, எதை ஒட்டுவது? இதற்கு விடை இறகில் இல்லை. அம்பு கிளம்பும்போது எதை உரசிக்கொண்டு போகிறது என்பதில் இருக்கிறது. விரலால் நாணை விடும்போது நாண் நேராகப் போவதில்லை, பக்கவாட்டில் சற்று விலகித்தான் ஓடும். அதனால் அம்புத்தண்டு மீன் மாதிரி நெளிந்தபடி வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். பின்னால் இருக்கிற இறகு காற்றைப் பிடித்து வாலை இழுத்து, அந்த நெளிவை அடக்கி, முனையை முன்னோக்கித் திருப்புகிறது. இறகு சற்றுச் சாய்வாக ஒட்டப்பட்டிருந்தால் அம்பு சுழலும். தண்டில் இருக்கிற சிறு கோணல்கள் அந்தச் சுழற்சியில் ஒரே பக்கமாக இழுக்காமல் சமப்படும்.

பழைய பாணி நீள வில்லான லாங்போவில் அம்பு உங்கள் கைமுட்டி மேலோ வில்லின் மரத்திட்டு மேலோதான் உட்காரும். அங்கே பறவை இறகுக்குப் போட்டியே கிடையாது. மரத்தில் பட்டால் அது மடங்கிக் கொடுத்துவிட்டு, தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் மடங்காது. முட்டி உதைத்து அம்பின் வாலைத் திருப்பிவிடும். பழகுகிறவர் தன் கை சரியில்லை என்று நாள்கணக்கில் வருந்துவார், கோளாறு வாலில் இருக்கும். இந்த வகை வில்லில் பிளாஸ்டிக் ஒட்டிய அம்பை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பறவை இறகின் இன்னொரு பலம் எடை. அதே அளவு பிளாஸ்டிக்கோடு வைத்துப் பார்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வால் இலேசானால் எடையின் மையம் முன்னால் நகரும், அம்பு சீக்கிரம் நேராகும். கிளம்பும் வேகமும் கொஞ்சம் கூடும். ஆனால் அதன் சொரசொரப்பு காற்றை அதிகம் பிடிப்பதால், தூரம் போகப் போக வேகம் குறையும். பறக்கும்போது சத்தமும் வரும். மழை வந்தாலோ நனைந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். நீர் ஒட்டாத பொடி தடவினால் சற்று நேரம் தாங்கும், அவ்வளவுதான். நசுங்கிய இறகைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். இதைத் தெரியாமல் நல்ல இறகுகளைப் பிய்த்து எறிகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நுனிகளில் கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லின் கதை வேறு. அங்கே நாணை விரலுக்குப் பதில் ரிலீஸ் கருவி விடுகிறது. பக்கவாட்டு நெளிவு மிகக் குறைவு. அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டும் பல வில்களில் அம்பு கிளம்பியவுடன் கீழே விழுந்து வழிவிடும். உரச எதுவும் இல்லாதபோது பறவை இறகின் பெரிய பலமே தேவையற்றதாகிவிடுகிறது. மழைக்கு அஞ்சாத, எல்லாம் ஒரே அளவில் வருகிற, நீண்டு உழைக்கிற பிளாஸ்டிக்தான் இங்கே சரி. 50 மீட்டர் போட்டிக்குக் குட்டையாகவும் தாழ்வாகவும் இருப்பதை ஒட்டுவார்கள், பக்கக்காற்று பிடிக்க இடம் இருக்காது.

மூன்றாவது போட்டியாளர் சுருள் இறகு. காகிதம் போல மெல்லிய பிளாஸ்டிக் படலம், நீளவாக்கில் வளைந்திருக்கும். நுனிகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில்லால் 70 மீட்டரில் எய்கிற வீரர்கள் பெரிதும் நம்புவது இதைத்தான். எடை மிகக் குறைவு. வளைவே அம்பை வேகமாகச் சுழற்றிவிடும். கொஞ்சம் உரசினாலும் மெல்லிய படலம் என்பதால் வளைந்து கொடுக்கும். ஆனால் பின்னால் வரும் அம்பு பட்டால் கிழிந்துவிடும். பசைக்குப் பதில் இருபக்க டேப்பில் ஒட்டுவதால் களத்திலேயே மாற்றலாம். அந்தப் பொறுமை இருப்பவர்களுக்கே இது. முதல் ஆண்டில் பழகுகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

உள்ளரங்கின் 18 மீட்டரில் பல காம்பவுண்ட் வீரர்களே பருமனான தண்டில் பெரிய பறவை இறகுக்குத் திரும்புகிறார்கள். அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. தூரமும் குறைவு என்பதால் வேக இழப்பு பொருட்டே இல்லை. சீக்கிரம் நேராகும் அம்பு வேண்டும், அவ்வளவே.

ஒட்டும் முறையில் இரண்டு விஷயம் மட்டும். பறவை இறகு வலது இறக்கையிலிருந்தோ இடது இறக்கையிலிருந்தோ வரும். வளைவு எதிரெதிர் என்பதால் ஒரே அம்பில் கலக்கக் கூடாது. எந்தப் பக்கம் என்பதில் உயர்வு தாழ்வு இல்லை, சாய்வு அந்த வளைவோடு ஒத்துப்போனால் போதும். அப்புறம், மூன்று இறகில் ஒன்று வேறு நிறத்தில் இருக்கும். ஆங்கிலேயர் பழைய வழக்கில் அதைச் சேவல் இறகு என்றும் மற்ற இரண்டைப் பெட்டை இறகு என்றும் சொல்வார்கள். வழக்கமான ரீகர்விலும் லாங்போவிலும் சேவல் இறகு வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியையும் பார்க்க வேண்டும். உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி லாங்போ பிரிவில் மர அம்பும் இயற்கை இறகும்தான் செல்லும். ஒரு சுற்றில் ஒருவர் எய்யும் அம்புகள் எல்லாவற்றிலும் இறகின் நிறமும் அமைப்பும் ஒரேமாதிரி இருக்க வேண்டும்.

இறகை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே தண்டில் இறகே ஒட்டாத ஓர் அம்பையும், இறகு ஒட்டிய சில அம்புகளையும் 18 மீட்டரில் எய்து பாருங்கள். வலக்கையால் நாண் இழுப்பவரின் வெற்றுத்தண்டு மற்ற அம்புகள் குவிந்த இடத்துக்கு இடப்புறம் விழுந்தால் தண்டு உங்கள் வில்லுக்கு விறைப்பு அதிகம், வலப்புறம் விழுந்தால் தளர்வு. அதை முதலில் சரிசெய்யுங்கள். தண்டே பொருந்தாத அம்பில் பெரிய இறகை ஒட்டினால் தவறு மறையும், போகாது.